எச்சில் கணக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள சுசீலா,

உன் கடிதம் வியாழக்கிழமையே கிடைத்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். மூத்தவள் பிள்ளைகளோடு வந்து இறங்கிவிட்டாள். மூன்று நாளாக அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. நேற்று ராத்திரிதான் ரயில் ஏற்றிவிட்டேன். வீடு முழுக்கப் பென்சில் சீவலும் பிஸ்கட் தூளுமாகக் கிடக்கிறது. அதைப் பெருக்காமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொள்.

பேரன் காதுகுத்தில் சீர்த்தட்டை எண்ணிப் பார்த்துச் சம்பந்தியம்மாள் முகத்தைச் சுளித்த கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அதுதான் மனசில் நின்றுவிட்டது. அதிரசம் மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு இறங்கவே இல்லை, பந்தியில் தண்ணீர் கேட்டுக் கேட்டு விழுங்கினேன் என்று எழுதியிருந்தாய். ராத்திரியில் நாக்கு ஒட்டிக்கொண்டு மூன்று தடவை விழிப்பு வருகிறதாம். டாக்டரிடம் சொன்னால், "வயசானா எல்லாம் வத்தத்தாம்மா செய்யும்" என்று அனுப்பிவிட்டாராம். நீயும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய்!

ஏண்டி, நீ விலங்கியல் படித்தவள்தானே? பிராக்டிகலில் கரப்பான்பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து விரிக்கச் சொன்னபோது வகுப்பிலேயே உன்னுடையது மட்டும்தான் கிழியாமல் வந்தது. என்னுடையதில் பாதி சுரப்பி, பாதி கொழுப்பு. அந்தக் கைக்காரியிடம் ஒருத்தர் "வத்திப்போச்சு" என்றால், எது வற்றியது, எங்கே வற்றியது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் வேலையில் இருந்தபோது, ஒரு மருத்துவக் கல்லூரி நோயியல் துறையில் வேண்டாமென்று ஒதுக்கிய ஸ்லைடு பெட்டி ஒன்று எங்கள் லேபுக்கு வந்தது. அதில் எச்சில் ஊறுகிற கீழ்த்தாடைச் சுரப்பி இரண்டு இருந்தன. ஓரத்தில் பென்சிலால் 22 என்றும் 78 என்றும் வயது எழுதியிருந்தது. இருபத்திரண்டை லென்ஸுக்குக் கீழே வைத்தால் திராட்சைக் குலை மாதிரி செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். நீர்த்த எச்சிலைச் சுரக்கிற செல்கள் கருஞ்சிவப்பாக இருக்கும். வழவழப்பைத் தருகிற செல்கள் சாயம் பிடிக்காமல் வெளுத்துத் தெரியும். இண்டு இடுக்கே இருக்காது. எழுபத்தெட்டை வைத்ததும் பிள்ளைகள், "மிஸ், இந்த ஸ்லைடு கெட்டுப்போச்சு" என்பார்கள். குலைகளுக்கு நடுவே வேகவைத்த ஜவ்வரிசியைச் சிதறவிட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள். எல்லாம் கொழுப்புச் செல்கள் இருந்த இடம். ஸ்லைடு தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்துபோய் வெறும் கூடு மிஞ்சும். சுற்றிலும் இளஞ்சிவப்பாக நார்த்திசு, விரிந்துபோன எச்சில் நாளங்கள், அங்கங்கே கருநீலப் புள்ளிகளாகக் கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்கும் வெள்ளணுக்கள்.

1977-ல் ஸ்காட் என்பவர் இதைப் பார்த்ததோடு விடாமல் அளந்தே காட்டினார். இளமையிலிருந்து முதுமைக்குள் கீழ்த்தாடைச் சுரப்பியில் சுரக்கிற செல்களின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அப்படியானால் டாக்டர் சொன்னது சரிதானே என்பாய். அவசரப்படாதே. அமெரிக்காவில் பால்டிமோரில் 1958 முதல் ஒரு முதுமை ஆய்வு நடக்கிறது, நல்ல உடல்நிலையில் உள்ளவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்க்கிற ஆய்வு. அதில் இருந்தவர்களின் கன்னச் சுரப்பியிலிருந்து வரும் எச்சிலை, தூண்டிச் சுரக்கவைத்து, புரூஸ் பாம் என்பவர் அளந்தார். 1981-ல் முடிவு வந்தது. வாலிபர்களுக்கும் கிழவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! செல் குறைகிறது, எச்சில் குறையவில்லை. எனக்கு இது படித்த நாளிலிருந்து பிடித்த முரண்.

கையிருப்பு என்ற ஒன்றை வைத்துத்தான் இதற்குச் சமாதானம் சொன்னார்கள். இளவயதில் நமக்குத் தேவைக்கு மேல் சுரப்பி இருக்கிறது. மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள், உதட்டிலும் கன்னத்திலும் அண்ணத்திலுமாகச் சிறுசு அறுநூறிலிருந்து ஆயிரம் வரை. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர். அதில் மூன்றில் ஒன்று போனாலும் மிச்சம் இருப்பது சமாளித்துவிடும். ஆனால் இன்னொரு இடி விழுந்தால் தாங்காது. நியாயமாக மற்றப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசியபோது, கன்னச் சுரப்பி வயதுக்கு அசரவில்லை, கீழ்த்தாடைச் சுரப்பியும் நாவடிச் சுரப்பியும் கொஞ்சம் தளர்கின்றன, அதை மாத்திரைகளின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது என்று தெரிந்தது. சும்மா இருக்கும்போது வாயை நனைத்து வைப்பது பெரும்பாலும் கீழ்த்தாடைச் சுரப்பிதான். அதனால் உன் டாக்டருக்குப் பாதி மார்க் போடலாம்.

இப்போது செல்லுக்குள்ளே வா. ஒரு செல் தண்ணீரை எப்படி வெளியேற்றுகிறது? மாவடு போடுவதை நினைத்துக்கொள். நாம் ஜாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. உப்பைப் போட்டுக் குலுக்கி வைக்கிறோம். மறுநாள் பார்த்தால் தண்ணீர் விட்டு வடு மிதக்கிறது. உப்பு இருக்கிற பக்கம் தண்ணீர் தானாக வரும். எச்சில் செல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. நரம்பு நுனியிலிருந்து அசைட்டைல்கோலின் என்ற சேதிப்பொருள் வந்து, செல்லின் மேல் சேதி வாங்குவதற்கென்று இருக்கும் எம்3 என்ற ஏற்பியைத் தட்டும். உள்ளே ஐபி3 என்ற சிறு மூலக்கூறு கிளம்பும். அது போய்க் கிடங்கில் அடைத்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும். கால்சியம் ஏறியதும் நாளத்துப் பக்கச் சவ்வில் குளோரைடு வாயில் திறக்கும். குளோரைடு வெளியே பாயும், சோடியம் செல்களின் இடுக்கு வழியாகப் பின்தொடரும். இந்த உப்பைத் துரத்திக்கொண்டு தண்ணீர், அக்வாபோரின்-5 என்ற நீர்வாயில் வழியாகக் கொட்டும். புளியங்காயை நினைத்த மாத்திரத்தில் இத்தனையும் நடந்து முடிந்துவிடுகிறது. இப்போது உனக்கு ஊறியிருக்குமே. ஊறவில்லையென்றால் மேலே படி.

அக்வாபோரின் குடும்பத்தைக் கண்டுபிடித்த பீட்டர் அக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. 1999-ல் இந்த அக்வாபோரின்-5 இல்லாமல் எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். எச்சில் பாதிக்கும் மேல் குறைந்தது, வந்த கொஞ்சமும் கெட்டியாக வந்தது. இதைவிட எனக்குச் சுவாரசியம் ஜப்பானில் வயதான எலிகளை வைத்துச் செய்தது. இளம் எலியின் கன்னச் சுரப்பிக்கு அசைட்டைல்கோலின் கொடுத்தால், செல்லுக்குள் இருக்கும் அக்வாபோரின்-5 எழுந்து மேல்சவ்வுக்கு வந்து நிற்கும். கிழ எலிக்குக் கொடுத்தால் வருவதில்லை. கூப்பிடுகிற குரல் காதில் விழுகிற இடத்தில் எங்கேயோ கோளாறு. நம் வீட்டுக்காரர்கள் மாதிரியே! ஆனால் செவிமெலின் என்ற மருந்தைக் கொடுத்தபோது அதே கிழ எலியில் அக்வாபோரின் எழுந்து வந்தது. அதாவது வாயில் துருப்பிடித்துப் போய்விடவில்லை.

உப்பை உள்ளே ஏற்றி வைக்க ஓயாமல் மோட்டார் ஓட வேண்டும், அதற்குக் கரண்டு, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி மின்நிலையங்களிலிருந்து வருகிறது. அந்த எழுபத்தெட்டு ஸ்லைடில் ஒரு விசித்திரம் உண்டு. நாளங்களை ஒட்டி ஒன்றிரண்டு செல்கள் ஊதிப்போய், உள்ளே சிவப்பு மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். ஆன்கோசைட் என்று பெயர். மணல் மாதிரித் தெரிவதெல்லாம் மைட்டோகாண்ட்ரியா. பழுதானதை ஈடுகட்ட எண்ணிக்கையைக் கூட்டிக்கூட்டிச் செல்லே அதில் நிரம்பிவிடுகிறது என்றுதான் பொதுவாக விளக்குகிறார்கள். ஓடாத ஃபேனையும் பழைய மிக்சியையும் பரணில் ஏற்றிவிட்டுப் புதுசு வாங்குகிற வீடு. பழசைக் கழித்துக்கட்ட செல்லுக்கென்று ஒரு ஏற்பாடு உண்டு, தன்னுள் இருப்பதையே தின்று செரிப்பது. யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் கொடுத்தது அதைத் துப்புத் துலக்கியதற்குத்தான். வயதாக ஆக அந்தத் துப்புரவு மந்தமாகிறது.

அப்புறம் ஓய்வு பெற்ற செல்கள். அடிபட்ட டிஎன்ஏவோடு செல் பிரிந்தால் ஆபத்து என்று பி16, பி21 போன்ற புரதங்கள் பிரேக் போட்டுவிடும். அந்தச் செல் சாகாது, பிரியாது, வேலையும் முன்போலப் பார்க்காது. சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைக் கசியவிட்டு அக்கம்பக்கத்தையும் கெடுக்கும். அந்த வாசனைக்கு வெள்ளணு வந்து குவியும், நாருமாக வளரும். ஸ்லைடில் நான் பார்த்த கருநீலப் புள்ளிக்கும் இளஞ்சிவப்புப் பட்டைக்கும் இதில் பங்கு உண்டு. நான் பணி ஓய்வு பெற்ற மறுவருஷம் துறைக்குள் போய் எல்லாருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்ததை நீ கிண்டல் செய்வாயே, அந்த ஜாதி.

தண்ணீர் அளவு குறையாதவர்களுக்கும் ஒரு மாற்றம் வரலாம். எச்சிலுக்கு வழவழப்பைத் தருகிற மியூசின் என்ற சர்க்கரை ஒட்டிய புரதங்கள் வயதானவர்களுக்குக் குறைந்திருப்பதாக அளந்திருக்கிறார்கள். வாய் நனைந்திருந்தும் சிலர் வறண்டிருக்கிறது என்று சொல்ல அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதிரசத்தை உருட்டித் தொண்டைக்குள் தள்ளுவது வெறும் தண்ணீரால் ஆகிற காரியமா?

இத்தனை சொன்னேனே, இதெல்லாம் நாற்பது வருஷத்தில் மெல்ல நடக்கிற சமாச்சாரம். உனக்கு எப்போது ஆரம்பித்தது? உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன் (ஆமாம், எல்லாம் அந்த நீல டிரங்குப் பெட்டியில் இருக்கிறது). பொங்கலுக்கு எழுதியதில் முறுக்குச் சுட்டுத் தின்றதை எழுதியிருக்கிறாய், வறட்சி பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்திரைக் கடிதத்தில், ஒண்ணுக்குப் போக அவசர அவசரமாக ஓட வேண்டியிருக்கிறது, பஸ்ஸில் ஏறவே பயமாக இருக்கிறது, அதற்கு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இப்போது தேவலை என்று இருக்கிறது. வைகாசிக் கடிதத்தில் முதல் தடவையாக, "தண்ணீர்ச் சொம்பு இல்லாமல் படுக்க முடியவில்லை". கவனித்தாயா?

மூத்திரப்பையைச் சுருங்க வைப்பதும் எம்3 ஏற்பிதான், எச்சிலைச் சுரக்க வைப்பதும் எம்3 ஏற்பிதான். பையை அடக்குவதற்கென்று கொடுக்கிற மாத்திரைகளில் பெரும்பாலானவை அந்த ஏற்பியை அடைப்பவை. அவை வாயில் இருக்கிற அதே பூட்டிலும் மெழுகை வைத்துவிடும். முப்பது வயதில் சாப்பிட்டிருந்தால் உன் கையிருப்பு அதைத் தாங்கியிருக்கும், லேசாக நாக்கு உலர்ந்ததோடு போயிருக்கும். அறுபத்தொன்பதில் தாங்கவில்லை. வயது இவ்வளவுதான் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் நீ பாட்டுக்கு மாத்திரையை நிறுத்திவிடாதே, பஸ்ஸில் போய் அவதிப்படுவாய். சிறுநீர்க் கோளாறுக்கு வேறு ஏற்பி வழியாக வேலை செய்கிற மருந்துகளும் இருக்கின்றன, மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று கேள். போகும்போது தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை, சளிக்கு அவ்வப்போது வாங்கிப் போடுவது எல்லா அட்டையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போ. பெயர் சொல்லத் தெரியாமல் "மஞ்சள் கலர்ல சின்னதா இருக்கும் டாக்டர்" என்று நிற்காதே.

உனக்கு உபதேசம் செய்கிறவள் என்ன லட்சணத்தில் இருந்தேன் என்றும் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் முன்னால் எனக்கு விலாவில் அக்கி வந்ததே. கொப்புளம் ஆறியும் எரிச்சல் போகவில்லை. அமிட்ரிப்டிலின் என்று ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள், எரிச்சல் கேட்டது. நான் புத்திசாலி, காலைத் தும்மலுக்கென்று வருஷக்கணக்காக நானே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த குளோர்பெனிரமைனைச் சொல்லவே இல்லை. இரண்டும் எச்சிலை வற்றவைப்பவை. ஒரே மாதத்தில் இட்லி வாயில் பஞ்சாகிவிட்டது. வகுப்பில் முப்பது வருஷம் அசைட்டைல்கோலின் நடத்தியவளுக்கு ஆறு வாரம் உறைக்கவில்லை பார். நானும் வயது என்றுதான் நினைத்தேன். தும்மல் மாத்திரையை நிறுத்தி, அப்புறம் டாக்டர் சொன்னபடி இன்னொன்றையும் படிப்படியாகக் குறைத்ததும் வாய் திரும்ப ஊறிவிட்டது.

உங்கள் ஆச்சி ஞாபகம் வருகிறது. விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது பித்தளைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்களே. எண்பது வயதிலும் படிக்கம் நிறையும். பாக்கில் இருக்கும் அரிக்கோலின் அந்த எம்3 ஏற்பியைத் தட்டுகிற சரக்குதான். பிரேசில் பக்கத்துச் செடி ஒன்றிலிருந்து எடுக்கிற பைலோகார்ப்பைனும் அதே வேலையைச் செய்கிறது, அதை வாய் வறட்சிக்கு மாத்திரையாகவே கொடுக்கிறார்கள். உடனே பாக்கைத் தேடிப் போய்விடாதே. புகையிலை சேராத வெறும் பாக்கே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் வைத்திருக்கிறது. ஆச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதெல்லாம் கணக்கில் சேராது.

ராத்திரி நாக்கு ஒட்டும்போது புளிப்பு மிட்டாய் அடக்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை இன்றோடு விடு. தூக்கத்தில் எல்லாருக்குமே சுரப்பு கிட்டத்தட்ட நின்றுவிடும். அமிலத்தைத் தணிக்க பைகார்பனேட் வராது, பல்லுக்குக் கால்சியத்தைக் காத்துவைக்கும் ஸ்டாத்தெரின் வராது, வாய்ப் பூஞ்சையை அடக்கும் ஹிஸ்டாட்டின் வராது. அந்த நேரத்தில் சர்க்கரையை வாயில் வைத்தால் ஈறோரத்தில் பல் கரைய ஆரம்பிக்கும். மூடி வைத்த சொம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் போதும். பகலில் சைலிட்டால் போட்ட சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்று பார். பல்செட்டை ராத்திரி கழற்றி வை.

இப்போது ஒரு பிராக்டிகல் தருகிறேன். காலையில் சாப்பிட்டுப் பல் தேய்த்து ஒன்றரை மணி நேரம் ஒன்றும் வாயில் போடாமல் இரு. ஒன்பது, பத்து மணி வாக்கில் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொள். விழுங்காதே, மெல்லாதே, பேசாதே (இதுதான் உனக்குக் கஷ்டம்). ஊறுவதைப் பதினைந்து நிமிஷம் ஒரு டம்ளரில் வழியவிடு. நுரை அடங்கியதும் இருமல் மருந்து மூடியில் ஊற்றி அளந்து பார். நேற்று நான் செய்தேன். சின்னப் பேத்தி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி எச்சி துப்பிப் பாஸ் பண்ணப் போறா" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டாள். எனக்கு மூன்றரை மில்லி வந்தது. ஒன்றரை மில்லிக்குக் கீழே போனால் நிஜமாகவே சுரப்பு குறைவு. உனக்கு அப்படி வந்து, கூடவே கண்ணில் மணல் உறுத்துகிற மாதிரி இருந்தால், ஷோகிரன் நோய் இருக்கிறதா என்று ரத்தத்தில் ரோ, லா என்ற எதிர்ப்பொருள்களைப் பார்க்கச் சொல். ஸ்வீடனில் ஹென்ரிக் ஷோகிரன் என்ற கண் டாக்டர் 1933-ல் எழுதி வைத்தது. உடம்பின் காவலே சுரப்பியைத் தாக்குகிற நோய், பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதையும் வயது என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள், நீ விடாதே.

மற்றபடி இங்கே எல்லாரும் சௌக்கியம். முற்றத்து மாமரம் இந்த வருஷம் ஓய்வு எடுத்துக்கொண்டது, வடு சந்தையில் வாங்கித்தான் போட்டேன். ஆவணியில் ஈரோட்டுக்கு வருவதாக இருக்கிறேன், அப்போது ஒரு ஜாடி கொண்டுவருகிறேன். அதற்குள் எத்தனை மில்லி என்று ஒரு கார்டில் எழுதிப் போடு. அளந்த மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி வை, உன் வீட்டுக்காரர் அதிலேயே இருமல் மருந்தை ஊற்றிக் குடித்துவிடப் போகிறார்.

உன்,
கோமதி